அறிபுனை, ஃபேன்டஸி நாவல்கள்: படிக்கத் தகுந்ததைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அறிபுனையோ (சயின்ஸ் ஃபிக்ஷன்) ஃபேன்டஸியோ (மாயப் புனைவு) படிக்கத் தொடங்குகிறவர்கள் பலரும் ‘எல்லாக் காலத்துக்கும் சிறந்த நூறு’ என்று ஏதாவது ஒரு பட்டியலைத் திறந்து, மேலே இருப்பதை வாங்கிவிடுகிறார்கள். அங்கே பெரும்பாலும் இருப்பவை ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ (1965), டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ (1954-55), ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ (1951). மூன்றும் முக்கியமான நூல்கள், ஆனால் முதல் நூலாக மூன்றுமே சிரமம் தருபவை. ‘டியூன்’ தொடக்கத்திலேயே புதுச்சொற்களை டஜன் கணக்கில் இறக்குகிறது. டோல்கீன் பயணத்தைத் தொடங்கவே நெடுநேரம் எடுத்துக்கொள்கிறார். ‘ஃபவுண்டேஷ’னில் ஒரு பாத்திரத்தோடு பழகி முடிக்கும்போது கதை பல பத்தாண்டுகள் தாண்டி வேறு ஆட்களிடம் போய்விடும். எண்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டு ‘இந்த வகையே நமக்கு ஒத்துவராது’ என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

கீழே உள்ள வரிசையில் போனால் அந்த விபத்தைப் பெருமளவு தவிர்க்கலாம். மூன்றாவது படிதான் இதில் முக்கியம். அவசரமாக இருந்தால் அதை மட்டுமாவது படியுங்கள்.

படி 1: ஏற்கெனவே பிடித்ததிலிருந்து புறப்படுங்கள்

சைபர்பங்க், ஸ்பேஸ் ஆப்பரா, எபிக் ஃபேன்டஸி என்ற உட்பிரிவுப் பெயர்களை இப்போது மனப்பாடம் செய்ய வேண்டாம். வழக்கமாக என்ன படிக்கிறீர்கள் என்று பாருங்கள்.

துப்பறியும் கதை பிடிக்கும் என்றால் அசிமோவின் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ (1954). கூரை மூடிய நகரத்துக்குள் வாழ்ந்து பழகி, திறந்த வானத்தைக் கண்டாலே அஞ்சும் மனிதர்கள். அங்கே ஒரு கொலை. விசாரிக்கும் போலீஸ்காரருக்குத் துணை ஒரு ரோபோ. மொழி மிக எளிது. சரித்திர நாவல் ரசிகர்கள் கய் கேவ்ரியல் கேயின் ‘டிகானா’வை (1990) எடுக்கலாம். மன்னர், சதி, இழந்த நாடு என எல்லாம் இருக்கிறது, ஒரே தொகுதியில் முடிந்தும் விடுகிறது. இயந்திரம் பழுதானால் எப்படிச் சரிசெய்வது என்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஆண்டி வீரின் ‘தி மார்ஷியன்’. குடும்பமும் சமூகமும்தான் வேண்டும் என்றால் ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரெட்’ (1979): 1976-இல் கலிஃபோர்னியாவில் வாழும் கறுப்பினப் பெண் ஒருத்தி, அடிமை முறை நடப்பில் இருக்கும் மேரிலேண்டுக்குத் திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறாள். காலப்பயணம் எப்படி நிகழ்கிறது என்று நாவல் விளக்குவதே இல்லை, அது குறையாகவும் தெரிவதில்லை. சிரிக்க வேண்டும் என்றால் டக்ளஸ் ஆடம்ஸின் ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த கேலக்ஸி’ (1979). பதில் கிடைக்காத மர்மங்களோடு வாழ முடிந்தவர்களுக்கு போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்வாவ் லெம்மின் ‘சோலாரிஸ்’ (1961), ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் ‘ரோட்சைட் பிக்னிக்’ (1972).

படி 2: நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

பக்க எண்ணிக்கையை நம்பாதீர்கள். எழுத்தின் அளவு மாறினால் அதுவும் மாறும். சொல் எண்ணிக்கைதான் சரியான அளவு. ஹியூகோ, நெபுலா இரண்டு விருதுகளிலும் 40,000 சொல்லைத் தொட்டால்தான் நாவல். 17,500 முதல் 40,000 வரை குறுநாவல். எச். ஜி. வெல்ஸின் ‘தி டைம் மெஷின்’ (1895) ஏறத்தாழ 32,000 சொல். அர்சுலா லெ க்வினின் ‘எ விஸர்ட் ஆஃப் எர்த்சீ’ (1968) 60,000-க்கும் குறைவு. ‘டியூன்’ 1.9 லட்சத்தை ஒட்டி வரும். ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்று தொகுதிகளும் சேர்ந்து 4.8 லட்சம் அளவில்.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவருக்கு நிமிடத்துக்கு 150 சொல் நியாயமான வேகம், அதாவது மணிக்கு 9,000. தினம் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் எர்த்சீ ஒன்பது நாள், டியூன் நான்கு வாரம், டோல்கீன் பத்து வாரம். முதல் மூன்று நாவல்களையும் தலா ஒரு லட்சம் சொல்லுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் முடித்த தெம்பு நான்காவதாக ஒரு தடித்த நூலை எடுக்கும்போது கைகொடுக்கும்.

படி 3: முப்பது பக்கச் சோதனை

கடையிலோ நூலகத்திலோ மின்னூல் மாதிரியிலோ முதல் முப்பது பக்கம் படித்துவிட்டு நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, விளைவு. இந்த வகை நாவல் எதுவாக இருந்தாலும் ஆசிரியர் நம் உலகத்தில் ஏதோ ஒன்றை மாற்றியிருப்பார். அந்த மாற்றம் சாப்பாடு, சட்டம், சாவு, வசவு வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. டியூனில் மாற்றப்பட்டது தண்ணீர். பாலைவனக் கிரகம், நீர் அரிது. ஆகவே அங்குள்ள ஃப்ரெமென் மக்கள் உடலின் ஈரத்தைத் திரும்பப் பிடித்துத் தரும் உடை அணிகிறார்கள். இறந்தவரின் உடல் நீர் இனக்குழுவுக்குச் சொந்தம். ஃப்ரெமென் தலைவர் ஒருவர் பிரபுவின் மேசையில் எச்சில் துப்புகிறார். காவலர்கள் கொதித்தெழ, அது அவமதிப்பில்லை, தன் உடலின் ஈரத்தையே காணிக்கையாகத் தரும் மரியாதை என்று விளக்கப்படுகிறது. ஒரே மாற்றம் மரியாதையின் இலக்கணம் வரை ஊறியிருக்கிறது. லெ க்வினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெ’ஸில் (1969) ஒரு கிரகத்தின் மக்களுக்கு நிலையான ஆண்-பெண் வேறுபாடு கிடையாது. யாரும் தாயாகலாம், அரசர் உட்பட. அங்கே பெரிய போர்கள் நடந்ததில்லை, குடும்ப அமைப்பும் வேலை விடுப்பும்கூட அதற்கேற்ப மாறியிருக்கின்றன.

இதற்கு நேர்மாறாக, ஒளியை மிஞ்சும் கப்பல்கள் இருந்தும் மனிதர்கள் இன்றைய அலுவலகத்தில் போலவே பேசிப் பழகினால், டிராகன் பறக்கும் நாட்டில் கோட்டைகளுக்குக் கூரைக் காவல் கூட இல்லை என்றால், அந்த உலகம் வெறும் திரைச்சீலை. கதை விறுவிறுப்பாக இருக்கலாம், பயணத்தில் படிக்க ஆகும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது, விலை. மந்திரமோ தொழில்நுட்பமோ எதையும் செய்ய முடியும் என்றால் கதையில் ஆபத்தே இருக்காது. எர்த்சீயில் மந்திரவாதி ஓரிடத்தில் மழை வரவழைத்தால் இன்னோரிடத்தில் வறட்சி வரலாம், ஒன்றை ஆள அதன் உண்மைப் பெயர் தெரிந்தாக வேண்டும். முப்பது பக்கத்துக்குள் எல்லாம் தெரியாவிட்டாலும், இந்தச் சக்திக்கு ஒரு வரம்பு உண்டு என்ற அடையாளமாவது தென்பட வேண்டும். தென்படாவிட்டால், கடைசி அத்தியாயத்தில் நாயகனுக்கு அதுவரை சொல்லாத புது சக்தி வந்து சேரும் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, விளக்கம் வரும் விதம். இரண்டு விஞ்ஞானிகள் இருவருக்கும் தெரிந்ததையே ‘உனக்குத்தான் தெரியுமே’ என்று ஒருவருக்கொருவர் பாடம் எடுத்தால் ஆசிரியருக்குக் கை பழகவில்லை. நல்ல கை, பொருளைப் பயன்படுத்திக் காட்டியே புரியவைக்கும். இதிலே ஓர் எச்சரிக்கை. எதையுமே விளக்காத நாவல் மோசமானது என்று பொருளில்லை. வில்லியம் கிப்ஸனின் ‘நியூரோமேன்ச’ரில் (1984) முதல் அத்தியாயங்களில் பாதி புரியாது, புரியாமலே நகர்வதற்காகத்தான் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. அதுவே உங்கள் மூன்றாவது அறிபுனை என்றால் கைவிட்டுவிடுவீர்கள், பத்தாவது என்றால் ரசிப்பீர்கள்.

நான்காவது, சொற்கள். ஒரு பக்கத்தில் புரியாத சொற்களை இரண்டாகப் பிரியுங்கள்: ஆசிரியர் உருவாக்கியவை, அகராதியில் இருப்பவை. உருவாக்கிய சொற்கள் எத்தனை இருந்தாலும் பரவாயில்லை, இருபது பக்கத்துக்குள் முக்கியமானவை சூழலிலிருந்தே பிடிபட்டால் போதும். டியூனின் பின்பக்கத்தில் சொற்பட்டியலே உண்டு, அதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்வது தவறில்லை. அகராதிச் சொற்கள் பக்கத்துக்கு ஏழெட்டுக்கு மேல் தடுக்கினால் அந்த நூலை ஓர் ஆண்டு தள்ளிப் போடுங்கள். ஜீன் உல்ஃபின் ‘தி புக் ஆஃப் த நியூ சன்’ தொடர் (1980-83) அப்படிப்பட்டது. அதன் விநோதச் சொற்கள் பலவும் உண்மையிலேயே அகராதிகளில் உள்ள பழஞ்சொற்கள்.

படி 4: விருதுகளைப் படிக்கும் முறை

எல்லா விருதும் ஒன்றல்ல. யார் வாக்களிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அட்டையில் ஒட்டிய முத்திரைக்கு அர்த்தம்.

ஹியூகோ 1953-இல் தொடங்கியது. உலக அறிபுனை மாநாட்டின் உறுப்பினர்கள், அதாவது கட்டணம் கட்டிய வாசகர்கள், வாக்களிப்பது. நெபுலா 1966 முதல் அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் சங்க உறுப்பினர்கள் தருவது, ஆகவே தொழிற்திறனுக்கு அங்கே மதிப்பு கொஞ்சம் கூடுதல். ஆர்தர் சி. கிளார்க் விருது 1987-இலிருந்து நடுவர் குழு தருவது, பிரிட்டனில் வெளியான அறிபுனை நாவலுக்கு மட்டும். முதல் ஆண்டே அதை வென்றது மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’. உலக ஃபேன்டஸி விருது 1975 முதல்.

வாசகரும் எழுத்தாளரும் ஒத்துப்போன நாவல்கள், அதாவது ஹியூகோ, நெபுலா இரண்டையும் வென்றவை, நல்ல சல்லடை. லெஃப்ட் ஹேண்ட், நியூரோமேன்சர், ஜோ ஹால்டிமனின் ‘தி ஃபாரெவர் வார்’, கிளார்க்கின் ‘ராண்டவூ வித் ராமா’ (1973) எல்லாம் அந்தக் கூட்டம். என். கே. ஜெமிசினின் ‘ப்ரோக்கன் எர்த்’ மூன்று நாவல்களும் 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று ஹியூகோ வாங்கின. முதல் நாவலின் ஒரு பகுதி ‘நீ’ என்று வாசகரை விளிக்கும் நடையில் இருக்கும், பழக இருபது பக்கம் கொடுங்கள்.

சறுக்கலும் உண்டு. 2015-இல் திட்டமிட்டு நியமனங்களை நிரப்பிய ஒரு பிரசாரத்தின் விளைவாக ஹியூகோவின் ஐந்து பிரிவுகளில் ‘விருது இல்லை’ என்றே வாக்காளர்கள் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் சீனாவின் செங்டுவில் நடந்த மாநாட்டில் ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ காரணம் சொல்லாமல் தகுதியற்றதாக ஒதுக்கப்பட்டது. அதே நாவல் அதே ஆண்டு நெபுலா வென்றிருந்தது. ஆகவே வென்ற நூலோடு நிறுத்தாமல் அந்த ஆண்டின் இறுதிப் பட்டியலையும் பாருங்கள். உங்களுக்கான நாவல் பெரும்பாலும் அங்கே மூன்றாவது நான்காவது இடத்தில் இருக்கும்.

அட்டையில் சக எழுத்தாளர் எழுதித் தரும் பாராட்டு வரிகளுக்கு மதிப்பெண் சுழியம். ஒரே முகவர், ஒரே பதிப்பகம் என்ற உறவில் வருபவை அவற்றில் நிறைய.

படி 5: தொடரா, தனி நூலா?

அட்டையில் ‘முதல் புத்தகம்’ என்று இல்லாவிட்டாலும் தொடராக இருக்கலாம். இணையத்தில் உள்ள ஐ.எஸ்.எஃப்.டி.பி. என்ற தரவுத்தளத்தில் ஆசிரியர் பெயரைத் தேடினால் தொடர் வரிசை, வெளியான ஆண்டு, பதிப்புகள் எல்லாம் கிடைக்கும். அங்கே மூன்றைக் கவனியுங்கள்.

தொடர் முடிந்ததா? ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ தொடரில் ஐந்தாவது நூல் 2011-இல் வந்தது, ஆறாவதற்கு இன்னும் காத்திருப்பு. பேட்ரிக் ராத்ஃபஸின் ‘கிங்கில்லர் க்ரானிக்கிள்’ தொடரில் இரண்டாம் நூலும் 2011-தான், மூன்றாவதைக் காணோம். இவற்றைப் படிக்கக் கூடாது என்றில்லை, முடிவு தெரியாமல் நிற்கத் தயாரானவர்கள் மட்டும் தொடங்குங்கள். ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ அவர் 2007-இல் இறந்த பிறகு பிராண்டன் சாண்டர்ஸனால் முடித்துவைக்கப்பட்டு 14 தொகுதிகளாக நிற்கிறது. பதினான்கு. நடுத் தொகுதிகள் தொய்வானவை என்பதை ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள்.

எங்கே நிறுத்தலாம்? டியூன் முதல் நூலோடு நிறுத்தினால் நஷ்டமில்லை. இரண்டாவது நூல் (1969) முதல் நூலின் வெற்றிக் களிப்பைக் கேள்வி கேட்பதால் அதையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. ராமா ஒன்றே போதும். 1989 முதல் ஜென்ட்ரி லீயுடன் சேர்ந்து வந்த தொடர்ச்சிகள் வேறு சுவை, முதல் நூலின் அமைதி அவற்றில் இல்லை.

எந்த வரிசை? சந்தேகம் வந்தால் வெளியான வரிசைதான். நார்னியா தொடரில் 1950-இல் முதலில் வந்தது ‘தி லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்’. பிற்காலப் பதிப்புகள் கதைக்கால வரிசையில் 1955-இல் வந்த நூலுக்கு ஒன்றாம் எண் கொடுத்துவிட்டன. அதில் தொடங்கினால், அலமாரிக்குப் பின்னால் இன்னொரு நாடு இருக்கும் வியப்பு வாசகருக்குப் பாதியாகக் குறைந்துவிடும். விதிவிலக்கு டெர்ரி ப்ராட்செட். ‘டிஸ்க்வேர்ல்ட்’ 41 நாவல்களில் 1983-இல் வந்த முதலாவது அவர் கை தேறுவதற்கு முன் எழுதியது. ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ (1989) எடுங்கள்.

படி 6: பதிப்பையும் மொழிபெயர்ப்பையும் சோதியுங்கள்

பலரும் கவனிக்காமல் விடும் படி இது. நல்ல நாவலின் மோசமான வடிவம் கையில் கிடைத்து, பழி ஆசிரியர் மேல் விழுகிறது.

ஜூல் வெர்னின் ‘ட்வென்டி தவுசண்ட் லீக்ஸ் அண்டர் த சீ’ என்ற கடலடிப் பயண நாவலை 1870களில் ஆங்கிலமாக்கிய மெர்சியர், மூலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வெட்டி, அறிவியல் எண்களிலும் பிழை செய்தார். பதிப்புரிமை இல்லாததால் மலிவு விலைப் பதிப்புகளில் இன்றும் அந்த வடிவம்தான் சுற்றுகிறது. உரிமைப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயரே இல்லை என்றால் அதுதான் என்று சந்தேகியுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட வில்லியம் புட்சரின் மொழிபெயர்ப்பு முழுமையானது. நாட்டிலஸ் கப்பலின் கேப்டன் நீமோ, ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுக் குடும்பத்தை இழந்த புந்தேல்கண்ட் இளவரசர் என்பது பின்னர் வந்த ‘தி மிஸ்டீரியஸ் ஐலண்’டில் வெளிப்படும். நம்மவர் அதை முழு வடிவத்தில் படிப்பதே நியாயம்.

‘சோலாரிஸ்’ 1970-இல் ஆங்கிலத்துக்கு வந்தது போலிஷிலிருந்து நேராக இல்லை, பிரெஞ்சு வழியாக. பில் ஜான்ஸ்டன் போலிஷிலிருந்து நேரடியாகச் செய்தது 2011-இல் ஒலிநூலாகவும் பிறகு மின்னூலாகவும் வந்தது. கடையில் தாள் பதிப்பு வாங்கினால் பழையதே கிடைக்கும் என்று எதிர்பாருங்கள். லியூ சிஷினின் ‘தி த்ரீ-பாடி ப்ராப்ள’த்தில் கலாசாரப் புரட்சிக் காட்சிகள் 2008 சீன நூலில் நடுவே இருந்தன. கென் லியூவின் 2014 ஆங்கில மொழிபெயர்ப்பில் அவை ஆசிரியரின் விருப்பப்படியே முதலுக்கு வந்தன. இதில் ஆங்கில வடிவத்தைத் தயங்காமல் எடுக்கலாம்.

மூல மொழியிலும் வெட்டு நடக்கும். தீயணைப்புப் படையே புத்தகங்களை எரிக்கும் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953) நாவலையே பதிப்பகம் 1967-இல் பள்ளிகளுக்காக ரே பிராட்பரிக்குத் தெரியாமல் தணிக்கை செய்தது. விஷயம் அவருக்குத் தெரிந்தது 1970களின் கடைசியில்தான், பிறகே முழு வடிவம் மீண்டது. பழைய புத்தகக் கடையில் அந்த இடைக்காலப் பிரதி சிக்கினால் சேகரிப்புக்கு வைத்துக்கொண்டு, படிக்க வேறு பிரதி எடுங்கள். நடைபாதையில் கிடைக்கும் நகல் அச்சுப் பிரதிகளில் பக்க எண் வரிசை, வரைபடம், பின்னிணைப்பு மூன்றும் இருக்கின்றனவா என்று புரட்டிப் பாருங்கள். டோல்கீனையும் டியூனையும் வரைபடம் இல்லாமல் படிப்பது தண்டனை.

‘எஸ்.எஃப். மாஸ்டர்வொர்க்ஸ்’ என்று 1999-இல் தொடங்கி இப்போது கோலன்ஸ் பதிப்பகம் கொண்டுவரும் வரிசை நம்பகமானது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் பெரிய ஏமாற்றம் வராது.

படி 7: பழைய நூல்களில் எதைப் பொறுக்கலாம்?

அறிவியல் பழசாவது பொறுக்கத் தக்கது. முதல் ‘ஃபவுண்டேஷன்’ நூலில் பால்வெளி முழுக்கப் பரவிய பேரரசு இருக்கிறது, பெண் பாத்திரங்கள் ஏறக்குறைய இல்லை. 1940களில் இதழ் கதைகளாக வந்தவற்றின் தொகுப்பு அது என்று தெரிந்து படித்தால் எரிச்சல் குறையும். இனவெறி வேறு விஷயம். எச். பி. லவ்கிராஃப்டின் உருவச்சிலைதான் பல ஆண்டுகள் உலக ஃபேன்டஸி விருதின் கோப்பை. அவருடைய இனவெறி எழுத்துகளை முன்வைத்து எழுந்த எதிர்ப்பால் 2015-இல் அதைக் கைவிட்டார்கள். அவரைப் படிப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, தெரிந்து எடுங்கள்.

படி 8: அக்கம்பக்கத்தையும் பாருங்கள்

ஆங்கிலம் வேகத்தைக் குறைக்கிறது என்றால் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் தொடங்கலாம். குழந்தை பெறவும் அரசின் அனுமதி கேட்க வேண்டிய இந்தியா, புத்தகம் படிக்கும் ரோபோ நாய் ஜீனோ. ஆனந்த விகடனில் தொடராக வந்ததால் அத்தியாயக் கடைசிதோறும் ஒரு கொக்கி இருக்கும். ஒரே மூச்சில் படித்தால் அந்தக் கொக்கிகள் சலிக்கும், நாளுக்கு மூன்று நான்கு அத்தியாயம் சரியான அளவு. ஜெயமோகனின் ‘விசும்பு’ சிறுகதைத் தொகுப்பு, நம் மரபு அறிவிலிருந்து அறிபுனையை எடுக்கப் பார்க்கிறது.

1956 முதல் 2008-இல் இறக்கும் வரை இலங்கையில் வாழ்ந்த கிளார்க், ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடை’ஸில் (1979) சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் வேறு பெயரில் கொண்டுவந்திருக்கிறார். பூமியிலிருந்து விண்வெளிக்குப் போகும் லிஃப்டின் அடித்தளம் நிலநடுக்கோட்டில் அமைய வேண்டும் என்பதால் தீவையே தெற்கே நகர்த்திவிட்டார். படி 3-இன் விளைவுச் சோதனையைச் செய்து பார்க்க இது அருமையான நூல். இன்றைய இலங்கை எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் ‘தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ 2023-க்கான நெபுலாவை வென்றது. தந்தையான மகானைக் கொல்வதற்கென்றே தாயால் வளர்க்கப்பட்ட மகனின் கதை. பௌத்தக் கதைகளும் இலங்கை அரசியலும் தெரிந்த வாசகருக்கு அமெரிக்க வாசகரைவிட இதில் அதிகம் கிடைக்கும். லாவண்யா லக்ஷ்மிநாராயணின் ‘தி டென் பெர்சென்ட் தீஃப்’ உற்பத்தித்திறனை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கும் வருங்கால பெங்களூரு. ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

படி 9: ஆசிரியரைச் சிறுகதையில் சோதியுங்கள், தயங்காமல் கைவிடுங்கள்

500 பக்க நாவலுக்கு முன் அதே ஆசிரியரின் சிறுகதை ஒன்றைப் படிப்பது அரை மணி நேரச் செலவு. ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ இதழ் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வெல்ஸ் போன்ற பழையவர்களுக்கு, பதிப்புரிமை முடிந்த நூல்களை இலவசமாகத் தரும் குட்டன்பர்க் தளம் போதும். டெட் சியாங் நாவலே எழுதியதில்லை, ஆனாலும் ‘ஸ்டோரீஸ் ஆஃப் யுவர் லைஃப் அண்ட் அதர்ஸ்’ (2002) தொகுப்பு ஒன்று கையில் இருந்தால், நல்ல அறிபுனை எப்படி இருக்கும் என்பதற்கு அளவுகோல் கிடைத்துவிடும்.

கைவிட ஒரு விதி: முப்பது பக்கச் சோதனையில் தேறிய நூலுக்கு நூறு பக்கம் வரை இடம் கொடுங்கள். நூறாம் பக்கத்தில் அடுத்து என்ன என்ற கேள்வி ஒன்றுகூட மனதில் இல்லை என்றால் மூடிவிடுங்கள். புரியாமையால் மூடினீர்களா, சலிப்பால் மூடினீர்களா என்று முதல் பக்கத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். நூலக நூலென்றால் நோட்டில் குறியுங்கள். சலிப்பென்றால் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. புரியாமை என்றால் ஐந்தாறு நாவல் கழித்து மறுபடி எடுக்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் இந்த வரிசையில் போகலாம்: தி டைம் மெஷின், எ விஸர்ட் ஆஃப் எர்த்சீ, தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல், கிண்ட்ரெட், தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ், டியூன். ஐந்தாவதில் முதல் நான்கைந்து அத்தியாயங்கள் மெதுவாகத்தான் போகும். இருவர் பனிப்பாளத்தைக் கடக்கும் பகுதி நூலின் பிற்பாதியில்தான் வருகிறது, அதுவரை விட்டுவிடாதீர்கள்.